ஏரிக்குள் ஒரு கேள்வி நேரம்

1

புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஹாரிக்கு மூன்று மாத்திரை. வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, பாதியாக உடைத்துக் கொடுக்கவேண்டிய ரோஸ் ஒன்று. அதே பன்னிரண்டு மணிக்கு நான் நர்ஸாயிருக்கும் வார்டு டிவியில் இந்த நாட்டுப் பிரதம மந்திரி எழுந்து நிற்பார். வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம், பார்லிமெண்டில் யார் என்ன கேட்டாலும் நின்றபடி பதில் சொல்லவேண்டும் என்பது இங்கே வழக்கம். அதனால் புதன்கிழமை மட்டும் ஹாரியின் மாத்திரைகள் என் உள்ளங்கையிலேயே வியர்த்துக்கொண்டிருக்கும். அவர் வாய்க்கு வேறு வேலை.

"கேட்டது ஒன்று, சொல்வது ஒன்று! பதிலைச் சொல்லப்பா, பதிலை!"

ஹாரிக்கு எண்பத்திரண்டு வயது. நாற்பது வருஷம் பஞ்சாலையில் நின்ற கால்கள். இடுப்பெலும்பு முறிந்து எங்கள் வார்டுக்கு வந்து ஆறு வாரமாகிறது. எழுந்து நடக்கச் சொன்னால் முனகுவார். டிவியைத் திட்ட மட்டும் தலையணை உதவியில்லாமல் நிமிர்ந்து உட்காருவார். இந்தக் கேள்வி நேரத்தை ஒரு சிகிச்சையாகவே எழுதிக் கொடுக்கலாம்.

வங்கிகளே மூச்சு வாங்குகிற குளிர்காலம் இது. கடைத்தெருவில் நாலு கடைக்கு ஒரு கடை கதவை அடைத்துவிட்டது. என் கணவர் வேலை செய்யும் கிடங்கில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. மிச்ச நாளெல்லாம் அவர் வீட்டில் ரசம் வைக்கப் பழகுகிறார். எனவே எல்லாக் கேள்வியும் சுற்றிச்சுற்றி அங்கேதான் வரும். எத்தனை பேருக்கு வேலை போயிற்று, எப்போது திரும்பும், நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள். மந்திரியின் முன்னால் கனமான கோப்பு ஒன்று. ஓரத்தில் நிறம்நிறமாய்ச் சீட்டு ஒட்டியிருக்கும். கேள்வி முடிவதற்குள் அவர் விரல் சரியான பக்கத்தைக் கண்டுபிடித்துவிடும். எல்லாரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். நான் அந்த விரலைத்தான் பார்ப்பேன். இன்றைக்கு அந்த விரல் ஒரு கணம் தடுமாறியது. முன்னே போனது, பின்னே வந்தது, பிறகு பக்கத்தைப் பிடித்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"என்ன சிரிப்பு, லவ்?" என்றார் ஹாரி. இந்த ஊரில் பஸ் டிரைவர் முதல் பால்காரர் வரை எல்லாரும் எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த முதல் மாதம் நான் மிரண்டுபோய் வீட்டுக்கு ஃபோன் பண்ணியிருக்கிறேன்.

"எங்கள் அக்காவும் இப்படி நின்று பதில் சொன்னவள்தான். ஊரில் வேலையே இல்லாத ஒரு வருஷத்தில்."

"அக்காவா? எந்தப் பார்லிமெண்டில்?"

"ஏரிக்குள்ளே."

ஹாரி திறந்த வாயை மூடவில்லை. அந்தச் சமயம் பார்த்து மூன்று மாத்திரைகளையும் உள்ளே போட்டேன்.

நான் கடல் கடந்து வந்து இன்றோடு ஆறு வருஷம். கேக் வெட்டுகிற பழக்கமில்லை. அதனால் அக்காவின் கதையை எழுதிவைக்கிறேன்.

2

உத்திரமேரூர்ப் பக்கம் என்று சொன்னால் படித்தவர்கள் உடனே கல்வெட்டு என்பார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தேர்தல், குடத்தில் ஓலை, சுவர் முழுக்கச் சட்டம். நாங்கள் அந்தக் கோயிலுக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றிருக்கிறோம், அவ்வளவுதான் உறவு. நிலம் வைத்திருப்பவன் பெயரைத்தான் குடத்தில் போடலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறதாம். எங்கள் தெருவில் யாருக்கும் நிலம் கிடையாது. குடத்துக்கும் எங்களுக்கும் இருந்த தொடர்பு தண்ணீர் எடுப்பதோடு முடிந்தது.

எங்கள் ஊர் பெருநகருக்குப் போகும் வழியில், பஸ் நின்றால் உண்டு, நிற்காவிட்டால் இல்லை என்கிற ஊர். மேற்கே ஊர்த்தெரு. கிழக்கே எங்கள் காலனி. நடுவில் ஏரி. செய்யாற்றிலிருந்து ஒரு வரத்துக்கால்வாய் வந்து அந்த ஏரியை நிரப்பும். நிரப்பவேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாளாய் அந்தக் கால்வாயில் தண்ணீரைவிட வேலிக்காத்தான் முள்தான் அதிகம் ஓடியது.

அக்கா பெயர் கன்னியம்மா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். நான் நர்ஸ் படிக்கப் போன வருஷங்களில் என் பங்குக்கும் சேர்த்து நாற்று நட்டவள். எழுத்து கூட்டிப் படிப்பாள். கையெழுத்தை மட்டும் கோலம் மாதிரி அழகாய்ப் போடுவாள். பஞ்சாயத்துத் தலைவர் பதவி எங்கள் இனத்துப் பெண்களுக்கு என்று ஒதுக்கி வந்தபோது, முன்பு தலைவராயிருந்த வரதப்பன், "நம்ம கொல்லையில வேல செய்யற பொண்ணு, சொன்ன பேச்சு கேக்கும்" என்று அவரே அக்கா பெயரைச் சொன்னார். அக்கா ஜெயித்தாள். மூன்றாவது மாதம் அவர் வீட்டு அலமாரியிலிருந்த பஞ்சாயத்து நோட்டுகளைச் சாக்கில் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு நடந்துவிட்டாள். வரதப்பன் அன்றிலிருந்து எதிர்க்கட்சி.

அடுத்து வந்தது மழை பொய்த்த காலம். ஏரி ஓடு மாதிரி வெடித்துக் கிடந்தது. நடவில்லை, களையில்லை, அறுப்பில்லை. காலனியில் பாதி வீடு பூட்டு. செங்கல் சூளைக்கும் கல் குவாரிக்கும் போய்விட்டார்கள். அப்போதுதான் யூனியன் ஆபீசிலிருந்து ஒரு செய்தி. வரத்துக்கால்வாயைத் தூர்வார ஒரு வேலை வந்திருக்கிறது, கூலியில் ஒரு பங்கு அரிசியாகவே கிடைக்கும். ஆனால் அந்த வேலை எங்கள் ஊருக்கு, அல்லது பக்கத்து ஊருக்கு. சனவரி இருபத்தாறாம் தேதி கிராம சபையில் ஊர் கூடித் தீர்மானம் போட்டால் எங்களுக்கு. கூடாவிட்டால் அவர்களுக்கு.

கூடுவதுதான் சங்கடம். எங்கள் பக்கத்தில் கிராம சபை என்பது கூடுவதல்ல, நடப்பது. அதாவது நோட்டு நடக்கும். கிளார்க் ஏகாம்பரம் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடுவீடாய்ப் போவார். அடுப்படியிலிருந்து வந்து ஈரக்கையைத் துடைத்துக் கையெழுத்துப் போடுவார்கள். கூட்டம் முடிந்தது. போன கூட்டத்து நோட்டில், ஆடி மாதமே செத்துப்போன ஒருவர் புரட்டாசியில் கையெழுத்துப் போட்டிருந்தார். யூனியன் ஆபீசர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இந்த வாட்டி நோட்டெல்லாம் வேணாம்மா. நானே நேர்ல வருவேன், தலையை எண்ணுவேன்" என்றார்.

கூட்டத்தைக் கோயில் வாசலில் வைத்தால் எங்கள் தெருக்காரர்கள் வரமாட்டார்கள். வந்தாலும் ஓரத்தில் நிற்பார்கள், உட்காரமாட்டார்கள். காலனியில் வைத்தால் ஊர்த்தெரு வராது. எந்தப் பக்கம் வைத்தாலும் பாதிதான், பாதித் தலை போதாது என்பது வரதப்பனுக்கு நன்றாகத் தெரியும். டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

அக்கா ஒரு வாரம் விறகுக்குப் போகும்போதும் வரும்போதும் ஏரியையே பார்த்துக்கொண்டு நடந்தாள். எட்டாம் நாள் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டாள்.

"ஏரிக்குள்ள வெக்கலாம்."

"ஏரிக்குள்ளயா? இன்னாம்மா நீ, தண்ணி வந்துட்டா?"

"வந்துட்டா கூட்டமே தேவையில்லியே!"

3

இங்கே குடியுரிமை வேண்டுமென்றால் ஒரு பரீட்சை உண்டு. மந்திரி எந்த வீட்டில் குடியிருக்கிறார், பார்லிமெண்டில் எத்தனை சபை என்றெல்லாம் கேட்பார்கள். போன மாதம் எழுதினேன். கணினித் திரையைத் தொட்டுத்தொட்டு நான் சரியான விடை சொன்னதைவிட, பக்கத்து மேஜையில் ஒரு சோமாலியா அம்மாள் ஒவ்வொரு கேள்விக்கும் கடவுளை வேண்டிக்கொண்டதுதான் நினைவிருக்கிறது. இருவரும் தேறினோம். வாசலில் கட்டிப்பிடித்துக்கொண்டோம். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு பத்தொன்பது பக்க விண்ணப்பம். 'இந்த நாட்டில் இதுவரை இருந்த எல்லா முகவரிகளும்' என்ற கட்டத்துக்கு மூன்று வரிதான் இடம் விட்டிருந்தார்கள். அதில் ஆறு முகவரிகளை எறும்பு மாதிரி ஊரவிட்டேன்.

என் மகள் மலருக்குப் பதினொரு வயது. அவள் தமிழுக்கு வேர் இருக்கிறது, விகுதி இல்லை. "அம்மா, நான் சாப்பிடு" என்பாள். சாப்பிட்டாளா, சாப்பிடப்போகிறாளா என்பதை அவள் தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். புதன்கிழமை மத்தியானம் வார்டில் பார்ப்பதை ராத்திரி வீட்டுச் செய்தியிலும் நான் பார்ப்பதால், அது அவளுக்கும் தொற்றிவிட்டது. முந்தாநாள் வீட்டுப்பாடம் முடித்தாயா என்று இரண்டாவது தடவை கேட்டேன். நாற்காலியை நகர்த்தி எழுந்து நின்று, மேஜையில் கையூன்றி, இங்கிலீஷில் சொன்னாள்:

"மாண்புமிகு அம்மையார் சற்று முன் நான் அளித்த பதிலைப் பார்த்துக்கொள்ளலாம்."

அவள் அப்பா ரசக் கரண்டியால் மேஜையைத் தட்டினார். சபை கலகலத்தது. விலகிப் போகிறாளே என்று பயப்படவேண்டிய பிள்ளைதான். என்ன செய்ய, அசப்பில் அக்கா மாதிரியே நிற்கிறாள்.

போன புதன்கிழமை டிவியில் இன்னொன்றும் சொன்னார்கள். புதன்கிழமை காலையில் மந்திரியின் ஆட்களே எதிர்க்கட்சியாய் நடித்து, கேள்வி கேட்டுக் கேட்டு அவரைப் பழக்குவார்களாம். கேட்டதும் எனக்குப் புரையேறியது. ஏனென்றால் அந்த உத்தியோகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

4

விசா வருவதற்காக அந்த மார்கழியும் தையும் அக்கா வீட்டில்தான் காத்திருந்தேன். மலரும் அவள் அப்பாவும் அப்போது அவர் ஊரில்; பின்னால்தான் இங்கே வந்து சேர்ந்தார்கள். சும்மா இருக்கப் பிடிக்காத உடம்பு. அக்காவிடம் சொன்னேன்: "நான் கேள்வி எழுதறேன். பதிலும் எழுதறேன். நீ பாடம் பண்ணு."

"எத்தினி கேள்வி?"

"இருபத்தொண்ணு."

"இருபத்தொரு கேள்வி கேக்க இந்த ஊர்ல யாருக்குடி தெம்பு கீது?"

அக்கா அப்போது விறகுக்கு வேலிக்காத்தான் வெட்டிக்கொண்டிருந்தாள். தலைவர் என்று நாற்காலியில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. அவள் வெட்ட, நான் பின்னாலேயே நோட்டோடு போவேன். அக்கா புருஷனான மாமாவின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, வரதப்பன் மாதிரி இடது கண்ணைச் சுருக்கிக் கேட்பேன். "ஏ கன்னிமா! கூட்டத்த ஏன் ஏரில வெச்ச?" அக்கா சிரிப்பில் அரிவாளைக் கீழே போட்டுவிடுவாள். மாமா முள்ளைக் கட்டாய்க் கட்டியபடி, "எதிர்க்கட்சி நல்லாத்தான் கீது, ஆளுங்கட்சிதான் பேஜாரா கீது" என்பார்.

மூன்றாம் நாள் பிடித்துக்கொண்டாள். நடவுக்காரி பாடம் பண்ணும் முறை வேறு. நடவுப் பாட்டில் ஒரு வரியை இழுத்தால் அடுத்த வரி தானாய் வரும்; கை நாற்றைப் பிரிக்கும், வாய் பாட்டைப் பிரிக்கும். அப்படித்தான் என் இருபத்தொரு பதிலையும் ஒரே பாட்டாய்க் கோத்துவிட்டாள். ஏன் ஏரியில் கூட்டம், தெரு விளக்கு எத்தனை, தண்ணீர் டேங்க் எப்போது கழுவுவது, சத்துணவுக் கூடத்துக்கு ஓடு மாற்றியது யார் என்று ஒன்றிலிருந்து இருபத்தொன்று வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னாள். வெட்டு விழும் தாளத்தில் பதிலும் விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நடுவிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக் கேட்டுப் பார்ப்போம் என்று கடைசிவரை எனக்குத் தோன்றவே இல்லை.

தண்டோராவுக்கு எங்கள் ஆளைக் கூப்பிடுவதுதான் வழக்கம். அக்கா மாட்டேன் என்றாள். உத்திரமேரூர் பாய் கடையில் மைக்செட் எடுத்து, சைக்கிள் கேரியரில் கட்டி, மாமா தள்ள, அவளே பேசிக்கொண்டு போனாள். ஊர்த்தெருவிலும் அதே குரல்.

"குடியரசு தினத்தன்னிக்கு காலீல பத்து மணிக்கு ஏரிக்குள்ள கூட்டம். தலைவர் கன்னியம்மாவ யாரு வேணா இன்னா வேணா கேக்கலாம். பதில் சொல்லத் தெரியாம முழிச்சா பாத்துட்டுப் போலாம். அல்லாரும் வாங்கோ!"

மைக் வயரைப் பிடித்தபடி கூடவே ஓடின நான் அதை ஒரு இழு இழுத்தேன். "இன்னாக்கா இப்புடிச் சொல்லிட்ட?"

"கூட்டம்னா யாருடி வருவா? நான் மாட்டிக்கினு முழிக்கறத பாக்கறதுன்னா வருவாங்க."

5

வந்தார்கள். கரை முழுக்கத் தலை. ஊர்த்தெரு மேற்குக் கரையில், காலனி கிழக்குக் கரையில். நடுவில் வெடித்த தரை. அதில் அக்கா, ஏகாம்பரம், ஆபீசர், மைக். முதலில் யாரும் இறங்கவில்லை. யார் முன்னால், யார் எங்கே உட்காருவது என்று இந்த இடத்துக்கு எவரும் வழக்கம் ஏற்படுத்தி வைக்கவில்லையே. ஏரித்தரையில் எந்தத் தலைமுறையும் உட்கார்ந்ததில்லை.

வெயில்தான் தீர்த்துவைத்தது. ஏரிக்குள் ஒரே ஒரு பெரிய கருவேல மரம். அதன் நிழலுக்கு இரண்டு பக்கமிருந்தும் இறங்கி வந்தார்கள். மேற்கே ஒரு கும்பல், கிழக்கே ஒரு கும்பல், நடுவில் ஒரு ஆள் படுக்கும் இடைவெளி. ஆனால் நிழல் ஓரிடத்தில் நிற்குமா? சூரியன் ஏற ஏற அது நகர்ந்து சுருங்கியது. ஆட்களும் உட்கார்ந்தபடியே நகர்ந்தார்கள். கால் மணியில் அந்த இடைவெளி எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு ஊர்த்தெருக் குழந்தை எங்கள் சித்தி மடியில் உட்கார்ந்து முறுக்கு தின்றது.

வரதப்பன் குடையை ஊன்றி எழுந்தார். சேவல் சண்டையில் முதல் சேவலை இறக்கும்போது சாயுமே, அப்படிச் சனம் முழுக்க முன்னால் சாய்ந்தது.

"ஏ கன்னிமா. வேல எப்ப ஆரம்பிக்கும்? அத்த சொல்லு மொதல்ல."

எங்கம்மாவாயிருந்தால் இவரை, எஜமான் என்ற அர்த்தத்தில், 'ஆண்டே' என்று கூப்பிட்டிருப்பாள். அக்கா மைக்கைப் பிடித்தாள்.

"நைனா, அல்லாரும் ஒண்ணா குந்தறதுக்கு தோதான எடம் இதான். அதான் இங்க வெச்சோம்."

அது என் முதல் கேள்விக்கான பதில். அவர் கேட்டது ஏழாவது; அதற்கு 'சீக்கிரம்' என்று பூசி மெழுகி எழுதிக் கொடுத்திருந்தேன்.

வரதப்பன் கண்ணைச் சுருக்கினார். "எத்தினி பேருக்கு வேல கெடைக்கும்?"

"தெரு வெளக்கு நாலு கீது. மூணு எரியுது."

எங்கேயோ ஒருவர் கனைத்தார். இன்னொருவர் வாயைப் பொத்தினார். நான் கையை ஆட்டினேன், கண்ணைக் காட்டினேன். பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டால் அக்கா எதையும் பார்க்கமாட்டாள்.

"கூலி கைக்கு எப்பம்மா வரும்?"

"தண்ணி டேங்க்க மாசத்துக்கு ஒருதபா கயுவறோம் நைனா!"

ஏரி அதிர்ந்தது. விசில், கைதட்டல், இருமல். கிழவர்கள் தொடையில் அடித்துக்கொண்டார்கள். ஏகாம்பரம் நோட்டால் முகத்தை மூடிக்கொண்டார். கால் பக்கத்தில் தரை வெடித்து ஒரு சாண் பிளவு இருந்தது. நான் அதற்குள் போய்விடமுடியுமா என்று பார்த்தேன்.

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார். இப்போது கூட்டம் எழுந்து போனால் வேலையும் எழுந்து போய்விடும். இரண்டு மூன்று பேர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழவும் செய்தார்கள்.

அக்கா நிறுத்தினாள். கூட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அவளே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். மைக்கில் அந்தச் சிரிப்பு, ஏரி முழுக்க.

"இருங்க, இருங்க, போய்டாதீங்க. இதெல்லாம் என் தங்கச்சி எழுதிக் குடுத்தது. தோ நிக்குது பாரு. நர்ஸு. ஊசி போட்டா சரியா போடும். கேள்விய மாத்திப் போட்ருச்சி!"

இந்தத் தடவை சிரிப்பு என் பக்கம் திரும்பியது. எழுந்தவர்கள் வேடிக்கை முடியவில்லை என்று திரும்ப உட்கார்ந்தார்கள்.

"நைனா, மறுக்கா கேளு. ஒண்ணொண்ணா."

"வேல எப்ப ஆரம்பிக்கும்?"

"தெரியாது."

"எத்தினி பேருக்கு?"

"அதுவும் தெரியாது."

"கூலி எப்ப வரும்?"

"சத்தியமா தெரியாது."

"பின்ன இன்னாதாம்மா தெரியும் உனுக்கு?"

அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். குரல் மாறவில்லை. ஆனால் பாட்டு போய், பேச்சு வந்திருந்தது.

"காலனில எத்தினி அடுப்பு எரியலன்னு தெரியும். எத்தினி வூடு பூட்டிக் கீதுன்னு தெரியும். ஊர்த்தெருவுல எத்தினி அடுப்பு எரியலன்னு தெரியாது. நீங்க யாரும் சொல்றதில்ல. எப்புடிச் சொல்லுவீங்க, எங்களுக்குக் கூலி குடுத்த கையி. அந்த வெக்கம் எனக்குப் புரியாம இல்ல. அதனால நான் பேரு கேக்க மாட்டன், வூடு கேக்க மாட்டன். மம்பட்டி புடிக்க வர்றவங்க எழுந்து நின்னா போதும். சாரு தலைய மட்டும் எண்ணிக்கட்டும்."

காலனி எழுந்தது. ஒரே அசைவில், காற்று கடந்ததும் நெல் தாள் நிமிர்வது மாதிரி. அது எதிர்பார்த்ததுதான். ஆபீசர் எண்ணினார். உதட்டைப் பிதுக்கினார். போதவில்லை.

மிச்சப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தரையைக் கீறினார்கள். காக்கை கத்தியது. அக்கா மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றாள்.

செண்பகம் எழுந்தாள். ஊர்த்தெருவில் ஒன்றரை ஏக்கர் மானாவாரிக்காரர் வீட்டு மருமகள். எங்களோடு ஒரு கிணற்றில் தண்ணீர் எடுத்தவளில்லை. அவள் புருஷன் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"குந்துடி. மானம் போவுது."

"உடுங்க. பானையில கீற அரிசிய அளக்கறது நானா, நீங்களா?"

அவர் விட்டுவிட்டார். பிறகு அவரும் எழுந்தார். அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. அங்கொன்று, இங்கொன்று, அப்புறம் ஒரு வரிசை, அப்புறம் எது எந்தத் தெரு என்று பிரிக்க முடியாமல் எல்லாரும். ஆபீசர் எண்ணினார், விட்டுவிட்டார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "நகராதீங்கப்பா, நகராதீங்க" என்று கெஞ்சினார். எப்படி நகராமலிருப்பது? நிழல் நகர்கிறதே.

ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். நிழல் அவரை விட்டுப் போய், முழு வெயிலில் குடையை விரித்துப் பிடித்திருந்தார் வரதப்பன்.

"எனக்கு மூட்டுவலி. மம்பட்டி தூக்க முடியாது. நான் இன்னா பண்றது?"

கேலியா, நிஜமா, அவருக்கே தெரிந்திருக்காது.

"நீ கேள்வி கேளு நைனா" என்றாள் அக்கா. "அதுக்கும் ஒரு ஆளு வோணுமே."

6

இதை எழுதிக்கொண்டே ஹாரிக்கும் மூன்று புதன்கிழமையாய், மாத்திரைக்கு இடையில் துண்டுதுண்டாய்ச் சொன்னேன். 'தெரியாது' என்ற இடம் வந்தபோது அவர் சிரித்த சிரிப்பில், விரலில் மாட்டியிருந்த கருவி கழன்று கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. மெஷின் அலறியது. இரண்டு பேர் ஓடிவந்தார்கள். "நான் சாகவில்லை, போங்கள்" என்று அவர்களை விரட்டிவிட்டு, டிவியில் பக்கம் புரட்டிக்கொண்டிருந்த மனிதரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கஷ்டமான வேலைதான் ஐயா, உன்னுடையது."

அன்றைக்குத்தான் முதல் முறையாய், கைத்தடி ஊன்றி, ஜன்னல்வரை நடந்தார்.

"அப்புறம்? கால்வாய்?" என்றார், பனியைப் பார்த்தபடி.

கால்வாய் எங்களுக்குத்தான் வந்தது.

வேலை ஆரம்பித்த நாளும் நான் கிளம்பின நாளும் ஒன்று. மறுநாள் விடியலில் விமானம். மத்தியானப் பஸ்ஸைப் பிடித்தால்தான் நிதானமாய்ச் சென்னை போகலாம். பெட்டியை மாமா தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். கால்வாய்க் கரை வழியாகத்தான் ரோட்டுக்குப் போகவேண்டும். காலையிலேயே பத்துப் பதினைந்து பனை நீளத்துக்கு முள்ளை வெட்டிக் கரையில் குவித்திருந்தார்கள். கீழே மண்வெட்டிகளின் சத்தம். மண் கூடை கைமாறிக்கொண்டே மேலே வந்தது. செண்பகம் கையிலிருந்து எங்கள் சித்தி கைக்கு, சித்தி கையிலிருந்து இன்னொரு கைக்கு. சூளைக்குப் போன வீடுகளில் இரண்டு திரும்பியிருந்தன. அக்கா முழங்கால்வரை புடவையை ஏற்றிச் செருகி, புழுதியும் முள் கீறலுமாய்ப் பள்ளத்தில் நின்றாள்.

விடைபெறும்போது அழவேண்டும் என்று பஸ் சத்தம் கேட்கும் வரைக்கும் நேரம் ஒதுக்கி வந்திருந்தேன். அதற்குள் கரை மேலிருந்து ஒரு குரல்.

"தலைவரம்மா! இன்னிக்கு எத்தினி அடி மண்ணு வெட்டிக் கீறீங்க?"

வரதப்பன். புளியமரத்து நிழலில் காலையிலிருந்தே உட்கார்ந்திருக்கிறாராம். இது அன்றைக்கு அவருடைய பதினான்காவது கேள்வி என்று மாமா சொன்னார்.

"நாப்பது அடி நைனா."

"நாப்பதா? பாத்தா அப்புடித் தெரிலயே?"

"தெரிலன்னா எறங்கி அளந்து பாரு!"

அத்தனை மண்வெட்டியும் நின்றுவிட்டது. அவர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். கரைச் சரிவில் ஒரு காலை வைத்தார், வழுக்கினார். பள்ளத்திலிருந்து எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர் கை நீட்டினார்கள். அந்தக் கைகளை ஒரு கணம் பார்த்தார். பிடித்துக்கொண்டு இறங்கினார். சனம் கூவியது. குடையை மடக்கி, முனையை மண்ணில் குத்தி, குடைக்கு எத்தனை அடி என்று முதலில் ஒரு தகராறு. மூன்று என்று முடிவாயிற்று. ஒரு குடை, இரண்டு குடை என்று ஆரம்பித்தார். கால்வாய் முழுக்கக் கூடவே எண்ணியது, அக்கா குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே.

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. மாமா பெட்டியோடு திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாயெல்லாம் பல்லாய், "ஏழு" என்று கத்திக்கொண்டிருந்தேன். பஸ் போய்விட்டது. அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து.

பதிமூன்று குடையும் ஒரு சாணும் வந்தது. வரதப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. சாண் யாருடைய சாண் என்று கேட்டார்.